பரண்ல கிடக்கிற லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? அக்கா சொல்றதைக் கேளு

மொதல்ல அந்த யூடியூப்பை மூடு. 'டாப் டென் லினக்ஸ்'னு வீடியோ பார்க்க உட்கார்ந்தா பத்தும் நல்லாத்தான் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணி ஆயிடும், கம்ப்யூட்டர் போட்டது போட்டபடி கிடக்கும். நீ வேலைக்குப் போகணும், உலை வைக்கணும், பிள்ளைக்கு ஹோம்வொர்க் பார்க்கணும். அதனால முடிவை முன்னாடியே சொல்லிடறேன். வீட்டுக் கம்ப்யூட்டருல முதல் தடவையா லினக்ஸ் போடறியா? லினக்ஸ் மின்ட் போடு. 4 ஜிபி ராம் இருந்தா அதுல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி இருந்தா சின்னமன் பதிப்பு. இதோட எழுந்து போனாலும் போகலாம். எங்கெங்க கால் இடறும்னு தெரிஞ்சுக்கணும்னா உட்காரு.

இதை இப்ப சொல்றதுக்குக் காரணம் இருக்கு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0 சிப் கேக்குது, இன்டெல்னா எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேணுங்குது. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல வீட்டுக்கு வீடு கிடக்கிற பழைய லேப்டாப்ல முக்காவாசி இந்தக் கணக்குல தேறாது. அதுக்காக எடைக்குப் போட்டுடாதே. 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின விலையில்லா மடிக்கணினி, மூடியில ஜெயலலிதா அம்மா படம் போட்டது, உன் வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கும். அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. சென்னை சி-டாக்ல உருவானது அது. கடையில கொடுத்து 'இது எதுக்கு'ன்னு அதை அழிச்சுட்டுத் திருட்டு விண்டோஸ் ஏத்திக்கிட்டவங்கதான் நிறையப் பேர். அந்த மெஷின் இன்னும் ஓடும், என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்.

1. பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மெஷினைப் பாரு

விண்டோஸ்ல 'திஸ் பிசி' மேல ரைட் கிளிக் பண்ணி 'ப்ராப்பர்ட்டீஸ்' போ. ராம் எவ்வளவு, 64 பிட்டா 32 பிட்டா, ரெண்டையும் ஒரு தாள்ல எழுது. 32 பிட் ப்ராசசர்னா அதோட மல்லுக்கட்டாதே. டெபியனே 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ஆம் பதிப்புல 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் தர்றதை நிறுத்திடுச்சு.

2 ஜிபி ராம்தான் இருக்குன்னா எந்த லினக்ஸ் போட்டாலும் பிரவுசர் திறந்ததும் திணறும். விலையில்லா லேப்டாப்ல முதல்ல வந்தது இந்த அளவுதான். எம்எக்ஸ் லினக்ஸ் போட்டு ஓட்டலாம், ஆனா ரெண்டு மூணு டேபுக்கு மேல ஆசைப்படாதே. அதைவிட 4 ஜிபியா ஏத்திடு. பழைய லேப்டாப்ல இருந்து கழட்டின டிடிஆர்3 ராம் சர்வீஸ் கடைகள்ல கிடைக்கும்.

காசு கொஞ்சம் இருந்தா ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடு. எந்த லினக்ஸ்ங்கிறதைவிட இது பெரிய மாற்றம். ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டுட்டு வர்ற பழக்கம் அத்தோட போயிடும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு: உப்புக்காத்துல ராம் முனை கறுத்துப்போயி மெஷின் ஆன் ஆகாம நிக்கும். அதைக் கழட்டிப் பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சுத் துடைச்சு மாட்டிப் பாரு. அதுக்குப் பிறகு கடைக்குத் தூக்கு.

2. வீட்டுல யாரு என்ன பண்றாங்கன்னு கேட்டு எழுது

இதைச் செய்யாம லினக்ஸ் போட்ட வீட்டுலதான் சண்டை வரும். பிள்ளைக்குப் பாடம், கூகுள் மீட், ஈபி பில், ரயில் டிக்கெட், வங்கி, சினிமா, லெட்டர் அடிக்கிறது எல்லாமே லினக்ஸ்ல நடக்கும், பெரும்பாலும் பிரவுசரே போதும். நடக்காதது எதுன்னு கேட்டுக்கோ:

- டேலி. அது லினக்ஸுக்கு வரலை. வீட்டுக்காரர் கடைக் கணக்கை இதுல பார்க்கிறாருன்னா விண்டோஸைத் தொடாதே.
- போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர். பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவங்களுக்கு இது பிழைப்பு. ஜிம்ப், இங்க்ஸ்கேப் நல்லா இருக்கும், ஆனா அச்சகத்துக்காரர் கேக்கிற ஃபைலைத் தராது.
- டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி. இ-சேவை மாதிரி வேலை பண்ற வீடுன்னா அந்த மெஷின் விண்டோஸாவே இருக்கட்டும்.
- வானவில், பாமினி எழுத்துருல அடிக்கிற ஆஃபீஸ் வேலை. இதைப் பத்திக் கீழ சொல்றேன்.

இதுல ஒண்ணு இருந்தாலும் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கோ, இல்லைன்னா அந்த மெஷினை விட்டுடு. வீட்டுல ஒருத்தர் வேலை கெட்டுச்சுன்னா அடுத்து நீ லினக்ஸ்ங்கிற வார்த்தையையே எடுக்க முடியாது.

3. பிரிண்டர் பேரைப் படிச்சுட்டு வா

எச்பின்னா நிம்மதி. அந்த கம்பெனியோட லினக்ஸ் டிரைவர் மின்ட்டுக்குள்ளயே இருக்கு. 1020 மாதிரி சில லேசர் மாடல் மட்டும் முதல் தடவை நெட்ல இருந்து ஒரு சின்ன ஃபைல் இறக்கச் சொல்லும், சரின்னு சொல்லு. எப்சன் எல் வரிசை இங்க் டேங்க்னா அவங்க தளத்துலயே லினக்ஸ் டிரைவர் இருக்கு, டெப்னு முடியற ஃபைலை இறக்கி டபுள் கிளிக் பண்ணு. கேனன் எல்பிபி 2900 வச்சிருக்கியா? ஜெராக்ஸ் கடையில, வீட்டுல, எங்க பார்த்தாலும் அதுதான் நிக்குது. லினக்ஸ்ல அது படுத்தற பாடு கொஞ்சமில்லை. புதுசாப் பழகறவங்க அதுல ஒரு ஞாயித்துக்கிழமையைத் தொலைக்க வேண்டாம். பிடிஎஃப் ஆக்கி, விண்டோஸ் இருக்கிற மெஷின்ல இருந்து எடு.

4. இப்ப எது, எது வேண்டாம்

மின்ட் ஏன்னா, கீழ பட்டை, இடது மூலையில மெனு, வலதுல கடிகாரம்னு விண்டோஸ் 7 பழகின கைக்கு ஒண்ணும் புதுசில்லை. பாட்டு, வீடியோ உடனே ஓடும். லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ் உள்ளயே வருது. 22-ஆம் வரிசைக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு, நடுவுல மாத்தச் சொல்லித் தொந்தரவு பண்ணாது. எதுல மாட்டினாலும் தேடினா பதில் கிடைக்கிற அளவுக்குக் கூட்டம் இருக்கு. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் பெருசு.

ஜோரின் அழகா இருக்கும். 8 ஜிபி உள்ளவங்க போடலாம், காசு கேக்கிற 'ப்ரோ' வாங்காதே, இலவச 'கோர்' போதும். உபுண்டு நல்லதுதான், ஆனா திரை அமைப்பு வேற மாதிரி இருக்கும், அம்மா அப்பா தேடுவாங்க. பழைய லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் அழியாம இருந்தா அதையே திறந்து ஒரு வாரம் பழகு, கை பயம் போயிடும். ஆனா அந்தக் காலத்துப் பதிப்புல வங்கி வேலை பார்க்காதே, அதுக்கு அப்டேட் வர்றது நின்னுபோச்சு.

ஃபெடோரா இப்ப வேண்டாம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு 13 மாசம்தான், வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே இருக்கணும். ஆர்ச் வேண்டாம். காலி லினக்ஸ் போடறேன்னு காலேஜ் படிக்கிற தம்பிங்க வந்து நிக்கிறாங்களே, அவங்களுக்கு: அது பாதுகாப்புச் சோதனை பண்றவங்களோட கருவிப்பெட்டி, வீட்டுல பாட்டு கேக்கிறதுக்கும் அசைன்மென்ட் அடிக்கிறதுக்கும் செஞ்சது இல்லைன்னு அதைச் செஞ்சவங்களே சொல்றாங்க. ஆசை இருந்தா மின்ட்டுக்குள்ள விர்ச்சுவல் பாக்ஸ்ல வச்சுப் படி.

இன்னும் 'எது பெஸ்ட், எது பெஸ்ட்'னு நிக்கிறவங்களுக்கு நம்ம ஊர்க் கதையே இருக்கு. 1991-க்கு அப்புறம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, புதுக்கோட்டை மாவட்டத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல்குவாரியில வேலை பார்த்தவங்க, வயல் வேலைக்குப் போனவங்க எல்லாம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கலைன்னு யாரும் காத்துக்கிட்டு நிக்கலை. ஜென்ட்ஸ் சைக்கிள்ல ஏறினாங்க, முன்னாடி இருந்த கம்பியில பிள்ளையை உட்கார வச்சுக்கிட்டும் போனாங்க. அந்த அம்மாக்களோட பொண்ணுங்கதான் நாம. கிடைச்ச மெஷின்ல ஏறி உட்காரு.

5. இறக்கறதுல அவசரப்படாதே

மின்ட்டோட ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வச்சிருக்கிறவ நேரா டவுன்லோடு அழுத்தினா பாதியில நிக்கும், மறுநாள் முதல்ல இருந்து. டோரன்ட்ல இறக்கு, விட்ட இடத்துல இருந்து தொடரும். ஃபைபர் நெட் இருக்கிற வீட்டுல கேட்டு பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்தாலும் சரிதான்.

எங்க இருந்து இறக்கறேங்கிறது முக்கியம். லினக்ஸ் மின்ட் டாட் காம், அங்க மட்டும். அங்கயும் 2016 பிப்ரவரி 20-ல திருடன் புகுந்து, சின்னமன் பதிப்புக்குப் பதிலா விஷம் கலந்த ஃபைலுக்கு லிங்க் மாத்தி வச்சுட்டான், மின்ட் ஆளுங்களே கண்டுபிடிச்சு ஊருக்குச் சொன்னாங்க. அதனால அந்தப் பக்கத்துலயே இருக்கிற 'வெரிஃபை' வழிமுறையைப் பார்த்து ஷா256 எண் ஒத்துப்போகுதான்னு பாரு. அஞ்சு நிமிஷ வேலை. பாதியில உடைஞ்ச டவுன்லோடையும் அதுவே காட்டிக் கொடுத்துடும்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். அதுல இருக்கிற கல்யாண போட்டோவை மொதல்ல எடுத்து வை, எல்லாம் அழிஞ்சுடும். எட்சர்ங்கிற மென்பொருளால ஐஎஸ்ஓவை எழுது. ஃபைலை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுட்டு 'பூட் ஆகலைக்கா'ன்னு வராதே.

6. இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாரு

இதுதான் லினக்ஸோட பெரிய சவுகரியம், இதை விட்டுட்டு நேரா இன்ஸ்டாலுக்குப் போறவங்களைப் பார்த்தாதான் எனக்குக் கோவம் வருது. பென்டிரைவ்ல இருந்தே முழு மின்ட்டும் ஓடும், உன் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. லேப்டாப்பை நிறுத்தி, பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணின உடனே லெனோவோன்னா எஃப்12, டெல்லுன்னா எஃப்12, எச்பின்னா எஃப்9 தட்டிக்கிட்டே இரு. ஏசர்ல எஃப்12 வேலை செய்யலைன்னா எஃப்2 அழுத்தி பயாஸ்க்குள்ள போய் 'எஃப்12 பூட் மெனு'வை 'எனேபிள்' பண்ணணும். இது தெரியாமலே 'ஏசர்ல லினக்ஸ் ஏறாது'ன்னு பேர் வாங்கிடுச்சு.

உள்ள போனதும் இதையெல்லாம் பார்த்துடு: வைஃபை பிடிக்குதா. சத்தம் வருதா, மைக் கேக்குதா. கேமரா தெரியுதா. மூடியை மூடித் திறந்தா முழிக்குதா. பிரிண்டர் எடுக்குதா. பென்டிரைவ்ல இருந்து ஓடறப்ப மெதுவாத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனசு விட்டுடாதே. வைஃபை பிடிக்கலைன்னா போனைக் கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடு, நெட் வந்துடும். அப்புறம் 'டிரைவர் மேனேஜர்' திறந்தா பிராட்காம் மாதிரி சிப்புக்கு வேண்டியதை அதுவே காட்டும். மலிவா வாங்கின யூஎஸ்பி வைஃபை குச்சிதான் அதிகம் படுத்தும், அதை நம்பி உட்காராதே.

7. இன்ஸ்டால் பண்ற அன்னைக்கு

பேப்பர்ல 'நாளை மின்தடை' அறிவிப்பைப் பாரு. மாதாந்திரப் பராமரிப்பு நாள்னா வேண்டாம். டெஸ்க்டாப்ல யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது, பாதியில கரண்ட் போனா டிஸ்க் குழம்பி விண்டோஸும் இல்லாம மின்ட்டும் இல்லாம நிப்பே. லேப்டாப்னா சார்ஜ் ஏத்தி, சார்ஜரும் மாட்டியே வை.

எல்லாத்தையும் வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடு. பத்தாவது மார்க் ஷீட் ஸ்கேன், பட்டா, பிள்ளையோட சின்ன வயசுப் படம், எல்லாம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்லாம இருந்த மாவட்டம் இது. ஒரே ஒரு காப்பியை நம்பி இருக்கிறதை நாம எல்லாரும் விட்டாகணும்.

விண்டோஸையும் வச்சுக்கப் போறேன்னா அதுல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை ஆஃப் பண்ணு. புது லேப்டாப்ல பிட்லாக்கர் இருந்தா ரெகவரி கீயை எழுதி வச்சுட்டுத்தான் அடுத்த அடி. அது இல்லைன்னா உன் ஃபைலை நீயே திறக்க முடியாது. இன்ஸ்டாலர்ல 'அலாங்சைட்'னு ஒரு வழி, 'எரேஸ் டிஸ்க்'னு ஒரு வழி வரும். எரேஸ்ன்னா மொத்தமும் துடைச்சுடும். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு அழுத்து. இன்ஸ்டாலருக்கு ஹார்ட் டிஸ்க்கே தெரியலைன்னா பயாஸ்ல 'ஆர்எஸ்டி'ன்னு போட்டிருக்கான்னு பாரு. விண்டோஸ் இருக்கிற மெஷின்ல அதைச் சட்டுனு மாத்தினா விண்டோஸ் எழுந்திருக்காது, அதை மட்டும் தெரிஞ்சவங்களை வச்சுப் பண்ணு.

8. தமிழ் அடிக்கறது

மின்ட்ல தமிழ் தெரியும், படிக்கலாம். அடிக்கத்தான் ஒரு வேலை இருக்கு. மெனுவுல 'இன்புட் மெத்தட்'னு தேடி ஐபஸைத் தேர்ந்தெடு. 'சாஃப்ட்வேர் மேனேஜர்'ல ஐபஸ்-எம்17என் போடு. லாக் அவுட் பண்ணி உள்ள வா. ஐபஸ் விருப்பங்கள்ல தமிழுக்குக் கீழ தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக்னு வரிசையா இருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவங்க டைப்ரைட்டர், மத்தவங்க தமிழ்99. அம்மானு ஆங்கில எழுத்துல அடிச்சுப் பழகாதே, வேகம் வராது.

வானவில், பாமினில அடிச்ச பழைய ஃபைலைப் பார்க்க அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸ்ல டபுள் கிளிக் பண்ணி ஏத்தினா போதும், ஆனா அதுலயே புதுசா அடிக்கற கீபோர்டு மென்பொருள் விண்டோஸ்ல மட்டும்தான். 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுடுச்சு. ஆனா உன் ஆஃபீஸ்ல இன்னும் வானவில்தான் கேக்கிறாங்கன்னா நீ என்ன பண்ணுவே, அந்த வேலைக்கு மட்டும் விண்டோஸுக்குப் போ.

9. ஏத்தின பிறகு முதல் ஒரு மணி நேரம்

- 'அப்டேட் மேனேஜர்' திறந்து எல்லாத்தையும் போடு. வீட்டு வைஃபையில போடு, போன் டேட்டாவுல வேண்டாம்.
- 'டைம்ஷிஃப்ட்'ல ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி வை. ஏதாவது கெட்டா நேத்து நிலைமைக்குத் திரும்பலாம். இது சிஸ்டத்தை மட்டும் காப்பாத்தும், உன் போட்டோவை இல்ல.
- லிப்ரே ஆஃபீஸ்ல அடிச்சதை வெளிய அனுப்பறப்ப டாக்எக்ஸ் இல்லைன்னா பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. ஓடிடி ஃபைலாவே போனா எதிராளி 'திறக்கலை'ன்னு திருப்பி அனுப்புவார்.
- சின்னப் பிள்ளைங்களுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் போட்டுக் கொடு. வானம் பார்க்கிற பிள்ளைக்கு ஸ்டெல்லேரியம். எல்லாம் இலவசம், விளம்பரம் வராது.
- நெட்ல பார்த்த கட்டளையைப் புரியாம டெர்மினல்ல ஒட்டாதே. 'சூடோ'ன்னு ஆரம்பிச்சா அது வீட்டுச் சாவி கேக்குதுன்னு அர்த்தம். மின்ட்ல தினப்படி வேலைக்கு டெர்மினலே வேண்டாம்.
- பாஸ்வேர்டை ரேஷன் கார்டு வச்சிருக்கிற இடத்துல எழுதி வை.

10. மாட்டிக்கிட்டா யாரைக் கேக்கறது

தனியா இருக்கேன்னு நினைக்காதே. 2007 வாக்குல தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டே ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில சூசே லினக்ஸுக்கு மாறிச்சு. பக்கத்துல கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருஷக்கணக்கா லினக்ஸ்லதான் படிக்கிறாங்க. தமிழ்லயே படிக்கணும்னா 2012-ல இருந்து வர்ற 'கணியம்' மின்னிதழ் இருக்கு. அதுல து. நித்யா எழுதின 'எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்' மின்னூலா இலவசமாக் கிடைக்குது. இறக்கிப் போன்ல வச்சுக்கோ, கம்ப்யூட்டர் மக்கர் பண்றப்ப போன்லதானே படிக்க முடியும்.

கேக்கறப்ப ஒழுங்காக் கேளு. 'அக்கா ஓடலை'ன்னு மட்டும் ஒரு மெசேஜ் போட்டா எவராலயும் உதவ முடியாது. லேப்டாப் மாடல், அடியில ஒட்டியிருக்கும். மின்ட்ல எந்தப் பதிப்பு. நீ கடைசியா எதை அழுத்தினே. திரையில என்ன எழுத்து வந்துச்சு, அதைப் போன்ல போட்டோ எடு, ஆடாம, ஓரம் வெட்டுப்படாம. இந்த நாலும் சேர்த்து அனுப்பினாத்தான் பதில் சொல்றவங்களுக்கும் வழி தெரியும்.